ஆட்டக்காரர்கள் திட்டத்தைத் தாண்டிப் போனால் கேம் மாஸ்டர் என்ன செய்வது?

கேள்வி இது: "நண்பர்கள் ஐந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். முப்பது கொள்ளையர்கள் பிடித்து வைத்திருக்கும் ஒரு மலைக்கோட்டை. உள்ளே நுழைய மூன்று வழிகள் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் வரைபடம், பொறி, சண்டை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர்கள் மூன்றையும் தொடவில்லை. கப்பம் கட்ட வந்த கிராமத்தார் போல வேஷம் போட்டு, மயக்க மருந்து கலந்த ஒயின் பீப்பாய்களை வண்டியில் ஏற்றி நேராக வாசலுக்கே போனார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. 'இந்தக் கொள்ளையர்கள் யாரும் குடிப்பதில்லை' என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் முகம் வாடிப்போனது. நான் செய்தது சரியா? இனி இப்படி நடக்காமல் எப்படித் தயார் செய்வது?"

சரியில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இப்படி நடக்காமல் தயார் செய்ய முடியாது. முடிந்தாலும் செய்யக் கூடாது. கேம் மாஸ்டர் என்று ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதே இந்த மாதிரி நேரத்துக்காகத்தான்.

பழக்கமில்லாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. ஆளுக்கு ஒரு கதாபாத்திரம்: ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டு திறக்கும் திருடி. கேம் மாஸ்டர் மீதி உலகம் முழுவதையும் நடத்துவார். "முன்னால் ஆறு, பாலம் உடைந்து கிடக்கிறது" என்று அவர் சொன்னால், என்ன செய்கிறோம் என்று மற்றவர்கள் வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பது சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். கம்ப்யூட்டர் கேமில் அதை உருவாக்கியவர்கள் இடம் விட்டுவைத்த அளவுக்குத்தான் நம்மால் நகர முடியும். இங்கே எதையும் முயன்று பார்க்கலாம்.

இந்த "எதையும் முயன்று பார்க்கலாம்" எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் சங்கடம் பாதி குறையும்.

பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, தன் அப்பா தொடங்கிய ஒரு போர்ப் பயிற்சி ஆட்டத்தைத் திருத்தி 1824-ல் வெளியிட்டார். அதன் பெயர் கிரீக்ஸ்பீல். இரண்டு பக்கமும் அதிகாரிகள், இடையில் ஒரு நடுவர். அதிகாரிகள் உத்தரவை எழுதிக் கொடுப்பார்கள். நடுவர் அதை வரைபடத்தில் நடத்தி, பகடையையும் அட்டவணையையும் வைத்து முடிவு சொல்வார். பின்னால் 1876-ல் ஃபெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி, அந்த அட்டவணைகளை ஓரமாக வைத்துவிட்டு, போர் அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்று வாதாடினார். அட்டவணையில் இல்லாத ஒன்றை ஓர் அதிகாரி செய்தால் பதில் சொல்ல ஒரு மனிதன்தான் வேண்டும். 1880-ல் சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 'ஸ்ட்ராடெகோஸ்' என்ற போர் விளையாட்டு நூலை எழுதினார். அதிலும் நடுவருக்குப் பெரிய இடம் உண்டு. ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்து, மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அது டேவ் வெஸ்லி என்ற இளைஞரின் கையில் கிடைத்தது. ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயலலாம், நடக்குமா என்று நடுவர் சொல்வார் என்ற எண்ணத்தை அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

1969-ல் வெஸ்லி நடத்திய ஆட்டத்தின் களம் நெப்போலியன் காலத்து பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர். இரண்டு படைகள் ஊரை நெருங்கி வருகின்றன. வழக்கமான போர் விளையாட்டு என்றால் படைத் தளபதிகள் இருவர் போதும். வந்திருந்தவர்களோ நிறைய பேர். அதனால் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஊர்க்காரர்களின் வேடங்களையும் பிரித்துக் கொடுத்தார். அப்புறம் நடந்தது அவர் யோசித்தே பார்க்காதது. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு எழுந்து மூலைக்கு மூலை நின்று ரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள். இரண்டு பேர் தங்களுக்குள் துவந்த யுத்தம் என்று வந்து நின்றார்கள். துவந்த யுத்தத்துக்கு வெஸ்லியிடம் விதியே கிடையாது. அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கித் தீர்ப்புச் சொன்னார். படைகள் கடைசிவரை சரியாக மோதிக்கொள்ளவே இல்லை. ஆட்டம் நாசமாகிவிட்டது என்று அவர் நினைத்தார். வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அதே வரிசையில் பின்னால் வந்த ஓர் ஆட்டம் இதைவிட அருமையானது. களம் ஒரு கற்பனை லத்தீன் அமெரிக்க நாடு. டேவ் ஆர்னெசன் என்ற ஆட்டக்காரருக்குக் கிடைத்தது துண்டுப் பிரசுரம் விநியோகிக்கும் மாணவப் புரட்சிக்காரன் வேடம். அவர் தானாகவே ஒரு போலி சிஐஏ அடையாள அட்டையைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். தான் உண்மையில் சிஐஏ ஆள் என்று மற்ற ஆட்டக்காரர்களை நம்பவைத்து, கடைசியில் நாட்டின் பணத்தோடு ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். வெஸ்லி தடுக்கவில்லை. அந்த ஆர்னெசன்தான் பிறகு பிளாக்மூர் என்ற மாயாஜால உலகத்தை நடத்தத் தொடங்கினார். கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டவரும் அவரே. ஆக நீங்கள் நடத்தும் ஆட்டம் பிறந்ததே, நடுவரை ஆட்டக்காரர்கள் திகைக்கவைத்த ஒரு மேசையிலிருந்துதான். ஒயின் வண்டியோடு வந்த உங்கள் நண்பர்கள் இந்த ஆட்டத்தை அது பிறந்த விதத்திலேயே ஆடியிருக்கிறார்கள்.

கைகாக்ஸுக்கும் இது நடந்தது. 1975-ல் பால்டிமோரில் நடந்த முதல் ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்காக அவர் 'டோம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறையைத் தயார் செய்தார். தொட்டால் சாவு என்கிற மாதிரி பொறிகள். சுவரில் ஒரு பெரிய பச்சைப் பேய்முகம் இருக்கும். அதன் இருண்ட வாய்க்குள் நுழைந்தவன் தடயமே இல்லாமல் அழிந்துபோவான். ராப் குன்ட்ஸ் என்ற தேர்ந்த ஆட்டக்காரர் தன் ரோபிலார் கதாபாத்திரத்தோடு அதற்குள் போனபோது, தன்னிடம் வேலைபார்த்த ஆர்க் என்ற அரக்க வீரர்களை முன்னால் நடக்கவிட்டார். பொறிகள் எல்லாம் அவர்கள் மீது விழுந்தன. கடைசி அறையில் அந்தக் கல்லறைக்குரிய மந்திரவாதியின் மண்டையோடு எழும்பியதும், எதிர்த்து நிற்காமல் கைக்கெட்டிய செல்வத்தைப் பைக்குள் வாரிக்கொண்டு வெளியேறினார். கொடூரமான தீர்வுதான். ஆனால் கூலியாள் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது, பொறி யார் மிதித்தாலும் வேலை செய்யும். அப்படியென்றால் அது செல்லும்.

இப்போது உங்கள் ஒயினுக்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்வு. 'கிரிட்டிகல் ரோல்' என்று நடிகர்கள் சேர்ந்து ஆடி ஒளிபரப்பும் நிகழ்ச்சி உண்டு, பல ஆண்டுகள் மேத்யூ மெர்சர்தான் அதன் கேம் மாஸ்டராக இருந்தார். 2020 தொடக்கத்தில் வந்த பகுதியில், தோழி ஒருத்தி மேல் விழுந்த சாபத்தை எடுக்கச்சொல்லி ஒரு சூனியக்கிழவியின் குடிசைக்குப் போகிறார்கள். கிழவிக்கு விலை, மனிதர்களின் துயரம். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பேரம் பேசுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு நெஞ்சு கனக்கும் அளவுக்குப் பேரம் போகிறது. அப்புறம் லாரா பெய்லியின் கதாபாத்திரமான ஜெஸ்டர் போகிறாள். பேசிக்கொண்டே கிழவிக்கு ஒரு கப் கேக் தருகிறாள். கேக்கின் மேல் ஒரு மந்திரப்பொடி. சாப்பிட்டவருக்கு அதன் ருசி பிரமாதமாக இருக்கும், ஆனால் மனதைத் தாக்கும் மந்திரங்களை எதிர்க்கும் திறன் சற்று நேரத்துக்குக் குறையும். கிழவி சாப்பிட்டு முடித்ததும் ஜெஸ்டர் நினைவை மாற்றும் மந்திரத்தைப் போடுகிறாள். எந்த விலையும் வாங்காமல் தானே மனமுவந்து சாபத்தை எடுக்க ஒப்புக்கொண்டதாகக் கிழவி நினைத்துக்கொள்கிறாள். மெர்சர் முகத்தில் தெரிந்த அதிர்ச்சி உண்மையானது. பல நாள் கதையாக விரிந்திருக்கக்கூடிய ஒரு பேரம் ஒரு கேக்கில் முடிந்துவிட்டது.

அவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். கிழவிக்கு இனிப்பு பிடிக்காது என்று அவர் சொல்லவில்லை. கேக்கைக் கொடுத்தபோது கிழவி வாங்கிச் சாப்பிடுவாளா என்பதை அவளுடைய குணத்தை வைத்து முடிவுசெய்தார். மந்திரம் வந்ததும், கிழவி அதைத் தாங்குகிறாளா என்று பார்க்க விதிப்படி எதிர்ப்புப் பகடையை உருட்டினார். தோற்றது. தோற்றதை ஏற்றுக்கொண்டார். உங்கள் கொள்ளையர்கள் குடிப்பதில்லை என்பது வண்டி வாசலுக்கு வரும் முன்பே உண்மையாக இருந்திருந்தால் அது நியாயமான தீர்ப்பு. வண்டி வந்த பிறகு அதைத் தடுப்பதற்கென்றே அது உண்மையானதால்தான் நண்பர்களின் முகம் வாடியது. தோற்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தாங்கள் யோசித்தது கணக்கிலேயே சேரவில்லை என்றால்தான் மனம் விட்டுப்போகும். அடுத்த முறை யோசிக்க மாட்டார்கள், நீங்கள் மனதில் வைத்திருக்கும் விடையைத் தேடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, வண்டி வாசலில் நிற்கிறது. என்ன செய்திருக்கலாம்?

முதலில் நேரம் வாங்குங்கள். "நான் இதை எதிர்பார்க்கவே இல்லை, ஐந்து நிமிடம் கொடுங்கள், டீ குடித்துவிட்டு வருவோம்" என்று வெளிப்படையாகச் சொல்லலாம். கேம் மாஸ்டர் திகைத்துப்போனார் என்பது ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் பெரிய பரிசு, அதை மறைக்காதீர்கள்.

அடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும், அதை எப்படிச் செய்கிறீர்கள் என்ற இரண்டையும் அவர்களிடமே கேளுங்கள். கொள்ளையர்களைக் கொல்வதா, உள்ளே இருக்கும் ஒருவரை மீட்பதா, வெறுமனே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதா? நோக்கம் தெரியாமல் தீர்ப்புச் சொன்னால் பெரும்பாலும் தப்பான தீர்ப்பைச் சொல்வோம்.

அப்புறம், இது பலிக்க என்னவெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். என் அனுபவத்தில் ஆட்டத்தின் சாறு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. முப்பது பேருக்குப் போதுமான மருந்து எங்கே கிடைத்தது, விற்ற வைத்தியர் யாரிடமாவது சொல்வாரா? வாசல் காவலன் பீப்பாயைத் திறந்து பார்ப்பானா? கப்பம் கொண்டுவந்தவனையே முதல் வாய் குடிக்கச்சொல்லும் வழக்கம் இந்தத் தலைவனுக்கு உண்டா? மதில் மேல் நிற்பவர்கள் முறை மாறிய பிறகுதானே குடிக்க வருவார்கள்? முதல் ஆள் சுருண்டு விழுந்ததும் மற்றவர்களுக்குச் சந்தேகம் வராதா? இவற்றில் உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்தவற்றை அப்படியே பயன்படுத்துங்கள். தெரியாதவற்றுக்குப் பகடை உருட்டுங்கள். உருட்டும் முன்பே ஆபத்தைச் சொல்லிவிடுங்கள்: "காவலன் உன்னையே குடித்துக்காட்டச் சொல்கிறான். குடித்தால் நீயும் தூங்கிவிடுவாய். மறுத்தால் அவனை நம்பவைக்க உருட்ட வேண்டும்." இப்போது மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

திட்டம் முழுதாகப் பலித்தால்கூட என்ன ஆகிறது பாருங்கள். முப்பது பேர் தூங்குகிறார்கள். கட்டிப்போடக் கயிறு இருக்கிறதா? எத்தனை மணி நேரத்தில் விழிப்பார்கள்? தூங்குபவனின் கழுத்தை அறுக்க உங்கள் பூசாரி கதாபாத்திரம் சம்மதிப்பாளா? விட்டுவிட்டுப் போனால் நாளை இவர்கள் எந்தக் கிராமத்தின் மேல் பழிதீர்ப்பார்கள்? வேஷம் போட்டது எந்தக் கிராமத்தார் போல? சண்டை அறைகள் மூன்று வீணானது உண்மை. அவற்றின் இடத்தில் வந்திருப்பது, அந்த ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் வாதாடியே ஆக வேண்டிய ஓர் இரவு.

என் மேசையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். குகைக்குள் கோப்ளின் என்ற குட்டி அரக்கர்கள், அறை அறையாகச் சண்டை என்று வைத்திருந்தேன். ஆட்டக்காரர்கள் பின்வாசலைப் பாறையால் அடைத்துவிட்டு, முன்வாசலில் ஈரவைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார்கள். வைக்கோல் எங்கிருந்து, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு கைதிகள் இருப்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். புகை கைதிகளுக்கும்தானே போகும் என்று நான் நினைவுபடுத்தியதும் மேசை அமைதியானது. தெரிந்த ஒரு விஷயத்தைக் கதாபாத்திரங்கள் மறந்திருக்க மாட்டார்கள், அதனால் நினைவுபடுத்துவது என் கடமை. ஒருத்தி ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு புகைக்குள் தனியாக நுழைந்தாள். நான் எழுதி வைத்திருந்த எந்தச் சண்டையும் அதற்கு ஈடாகியிருக்காது.

தயாரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடைகளுக்குச் செலவழிக்கும் நேரத்தை இடத்துக்கும் மனிதர்களுக்கும் செலவழியுங்கள். கோட்டைக்குள் யார் யார், ஒவ்வொருவனுக்கும் என்ன ஆசை, எதற்குப் பயம், எந்த நேரத்தில் எங்கே இருப்பான், யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் அடுத்த வாரம் இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை எழுதி வையுங்கள். தலைவன் சந்தேகப்பிராணி என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒயினுக்கு விடை உங்கள் கையிலேயே இருந்திருக்கும், அதுவும் நேர்மையான விடையாக. நுழையும் வழிகளை நீங்கள் யோசிக்கவே வேண்டாம், அது அவர்கள் வேலை. துப்பறியும் கதை மட்டும் விதிவிலக்கு. ஒரு துப்பைத் தவறவிட்டால் கதை நின்றுபோகும் என்பதால், ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பாவது வையுங்கள் என்று இந்த ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் சொன்ன யோசனை அங்கே நன்றாகவே வேலை செய்கிறது.

வீணான வரைபடத்தை இன்னொரு நாள், இன்னொரு ஊரில் பயன்படுத்தலாம். ஆனால் இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் அதே அரக்கன் வந்து நிற்கும்படி நகர்த்தி வைப்பதை நான் ஏற்கவில்லை. வில்லன் முதல் சுற்றிலேயே விழப்போகிறான் என்று தெரிந்ததும் அவன் எவ்வளவு அடி தாங்குவான் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகளை ரகசியமாக ஏற்றுவதும் அப்படியே. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் அது ஆட்டக்காரர் சம்பாதித்ததைப் பின்கதவு வழியாகப் பிடுங்குவது. முதல் சுற்றில் விழுந்தால் விழட்டும். அவனுக்குக் கீழே இருந்தவர்கள் இனி என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள்.

இதற்கெல்லாம் "எது சொன்னாலும் சரி" என்று அர்த்தம் இல்லை. விதிப்புத்தகத்தின் வார்த்தைகளை முறுக்கிச் செய்யும் வித்தை வேறு. பிரபலமான உதாரணம், ஆயிரக்கணக்கான குடியானவர்களை வரிசையில் நிறுத்தி ஒரு கழியைக் கைமாற்றுவது. ஆறு விநாடிச் சுற்றுக்குள் ஒவ்வொருவரும் தன் முறைக்கு அதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. அப்படியானால் கழி மைல்கணக்கில் பறந்திருக்கிறது, அந்த வேகத்தில் டிராகன் மேல் எறிந்தால் டிராகன் காலி என்பது வாதம். கழி கைமாறும்வரை விதிப்புத்தகம், கைமாறிய பிறகு இயற்பியல். இரண்டில் எது வசதியோ அதைப் பிடித்துக்கொள்வது தீர்வு ஆகாது. கேம் மாஸ்டர்களுக்காக 2024-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேடே இந்த வித்தையைக் குறிப்பிட்டு, விதிகள் இயற்பியல் அல்ல என்று சொல்லிவிட்டது. எதிரியின் நுரையீரலுக்குள் தண்ணீரை வரவழைத்துக் கொல்லலாம் என்பதும் இதே வகை. 2014 பதிப்பில் அந்த மந்திரம் திறந்த பாத்திரத்தில்தான் தண்ணீரை வரவழைக்கும், நுரையீரல் திறந்த பாத்திரம் ஆகாது. இங்கே தயங்காமல் முடியாது என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். "வேறு எப்படி முயலலாம்?" என்று உடனே கேட்டுவிட்டால் வாதம் நீளாது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல மேசைகளில் திகைக்கவைக்கும் யோசனை எப்போதும் ஒரே வாயிலிருந்துதான் வரும். அவர் வேகமாகப் பேசுவார், மற்ற நால்வரும் அவர் திட்டத்துக்குக் கைகொடுப்பவர்களாகவே ஆகிவிடுவார்கள். அதனால் ஒரு யோசனை வந்ததும், "உன் கதாபாத்திரம் இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறாள்?" என்று பேசாமல் இருப்பவரிடம் கேட்டுப் பழகுங்கள். ஒயின் வண்டியை ஓட்டியது யார், மருந்தின் அளவைக் கணக்கிட்டது யார், வாசலில் பொய் சொன்னது யார் என்று பிரித்துக் கேட்டால் ஒருவரின் யோசனை ஐந்து பேரின் வேலையாகிறது.

கடைசியாக, ஒரு நோட்டு வாங்கி, நீங்கள் கொடுக்கும் தீர்ப்புகளைத் தேதி போட்டு எழுதி வாருங்கள். பிளாக்மூர் நாட்களில் ஆர்னெசன் மேசையில் உண்டான தீர்ப்புகள் சேர்ந்து சேர்ந்துதான் விதிகளாயின. இன்று மயக்க மருந்துக்கு ஒரு எதிர்ப்புப் பகடை என்று முடிவுசெய்தால் அடுத்த மாதமும் அதே கணக்குதான். எழுதும்போது ஆட்டக்காரர்களிடமும் வாசித்துக் காட்டுங்கள், இந்த மருந்து இனி எதிரிகளுக்கும் கடையில் கிடைக்கும் என்பதையும் சேர்த்து. சத்திரத்தில் சாப்பாடு வரும்போதெல்லாம் யார் முதலில் வாய் வைப்பது என்று அவர்களே முறைவைத்துக் கொள்வார்கள்.